சுழியம் இல்லாத தாள்

ஜனவரி 11

டாக்டரம்மாவுக்கு,

மூன்று வருடம் கழித்து அண்ணி எழுதுகிறாளே, யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பயப்படாதே. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. உன் அண்ணன் பக்கத்து அறையில் தூங்குகிறார். போன் செய்யலாம்தான். இரண்டே அறை உள்ள வீட்டில் உன்னிடம் போனில் பேசினால் அது அவரிடமும் பேசுவதுதான். அதோடு, உன் குரலைக் கேட்டால் எனக்குச் சண்டை போடத்தான் வரும், உனக்குப் போனை வைக்கத்தான் வரும். பதிலைத் தீவனக் கொட்டகை முகவரிக்குப் போடு. வீட்டுக்கு வேண்டாம்.

இரண்டு காரியம் கேட்க வேண்டும்.

ஏரியில் எனக்கு ஆறு மிதவைக் கூண்டுகள் இருப்பது உனக்குத் தெரியும். எங்கள் சங்கத்தில் என்னைப் போல இருபத்திரண்டு குடும்பங்கள். மூட்டைத் தீவனத்தின் விலை மாதாமாதம் ஏறுகிறது. கேட்டால், அதில் போடுகிற மீன்தூளுக்குக் கடலில் மீனே அகப்படவில்லையாம். மீனுக்குப் போட மீன் இல்லை! இதைச் சொல்ல ஒரு விற்பனையாளர், அவருக்கு ஒரு டை. போன வாரம் வந்த மீன்வளத்துறை அதிகாரிதான், உங்கள் ஆய்வு நிலையத்தில் நன்னீர்ச் சிப்பியை அரைத்து மீனுக்குப் போட்டுப் பார்க்கிறார்கள், அதைச் செய்வதே உங்கள் வீட்டு அம்மாதான் என்றார். எங்கள் ஏரிக்கரையில் காலை வைத்தால் சிப்பி குத்தும். நாங்கள் இத்தனை நாளும் அதைத் திட்டிக்கொண்டு மட்டும் இருந்திருக்கிறோம். அது எங்களுக்கு உதவுமா, சொல்.

இன்னொன்று உன் அண்ணன். மில் மூடி நாலு வருடம். காலையில் எழுந்து, சவரம் செய்து, சட்டை மாட்டி, வாசலில் நின்றுவிட்டுத் திரும்பி வந்து சட்டையைக் கழற்றுகிறார். நீ கடைசியாக வந்தபோது அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில், “எங்க ரிசர்ச் ஸ்டேஷன்ல வாட்ச்மேன் வேலை ஒண்ணு காலியா இருக்கு, சொல்லி வைக்கட்டுமா?” என்று கேட்டாயே, அன்று நான் கத்தியது தப்பில்லை என்றே இன்றைக்கும் நினைக்கிறேன். நீ படிக்க வேண்டும் என்று பதினேழு வயதில் மில்லுக்குப் போனவர் அவர். அவருக்கு ஏதாவது ஒரு வேலை கொடு. சம்பளம் வேண்டாம். காகிதமும் பேனாவும் உள்ள வேலையாக இருக்கட்டும். நான் கேட்டதாகத் தெரிய வேண்டாம்.

அண்ணி


ஜனவரி 24

அண்ணிக்கு,

பழையதைப் பற்றி எதுவும் எழுதப்போவதில்லை. தொடங்கினால் இந்தக் கடிதம் அதிலேயே முடிந்துவிடும்.

சிப்பி பற்றி. தீவனத்தில் போடும் மீன்தூளில் பாதியை நீக்கிவிட்டு, அதற்குப் பதிலாகச் சிப்பியின் சதையை வேகவைத்து, உலர்த்தி, அரைத்துச் சேர்த்தோம். தொட்டிகளில் எட்டு வாரம் பார்த்தோம். மீன்கள் வழக்கமான தீவனத்தில் வளர்வதைப் போலவே வளர்ந்தன. துறைத் தலைவர் எல்லோருக்கும் இனிப்பு வாங்கிக் கொடுத்தார். நான் எடுத்துக்கொள்ளவில்லை. எட்டு வாரம் என்பது எட்டு வாரம்தான். தொட்டி என்பது தொட்டிதான்.

உங்கள் ஏரியிலிருந்து இருபது சிப்பிகளை ஐஸ் பெட்டியில் வைத்து அனுப்புங்கள். சிப்பி நாள் முழுவதும் தண்ணீரை உள்ளே இழுத்து வடிகட்டி, அதில் கிடைப்பதைத் தின்று வாழ்வது. தண்ணீரில் ஈயம் போன்ற நஞ்சு இருந்தால் சதையில் சேர்ந்திருக்கும். சோதித்துச் சொல்கிறேன். சுத்தமாக இருந்தால் இரண்டு கூண்டுகளில் மட்டும், ஆறு மாதம், செய்து பார்க்கலாம். ஆறு கூண்டிலும் போட்டுவிடாதீர்கள். உங்களைத் தெரியும் என்பதால் சொல்கிறேன்.

அண்ணனுக்குத் தனியாக ஒரு உறை வைத்திருக்கிறேன். ஏரியில் எவ்வளவு சிப்பி இருக்கிறது என்று கணக்கெடுக்கும் படிவம். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் அளவில் குழாயால் ஒரு சதுரச் சட்டம் செய்துகொள்ள வேண்டும். படகில் ஏரி முழுவதும் சுற்றி, முப்பது இடங்களில், கண்ணை மூடிக்கொண்டு அதை எறிய வேண்டும். விழுந்த இடத்தில் சட்டத்துக்குள் எத்தனை சிப்பி இருக்கிறது என்று எண்ணி, ஆழத்தையும் எழுத வேண்டும். முப்பது வரிசை. உங்களுக்கு மட்டும் சொல்கிறேன்: இந்தக் கணக்கு எனக்கு இப்போது தேவையே இல்லை. ஆகவே அவர் மெதுவாகச் செய்யட்டும், எப்படிச் செய்தாலும் பாதகமில்லை.

உங்கள் நாத்தனார்


மார்ச் 3

டாக்டரம்மாவுக்கு,

சிப்பி சுத்தம் என்று நீ அனுப்பிய தாளைக் கொட்டகைச் சுவரில் ஒட்டிவிட்டேன். இரண்டு கூண்டில்தான் போடுகிறேன், சத்தியம். வேகவைக்கும்போது வரும் நாற்றத்துக்குப் பக்கத்துக் கொட்டகைக்காரர் தினமும் என் குடும்பத்தையே விசாரிக்கிறார். மீன்கள் மட்டும் தீவனத்தட்டைக் கண்டாலே குதிக்கின்றன.

உன் அண்ணன் கதையைக் கேள். நீ அனுப்பிய உறையை மூன்று முறை படித்தார். “பாப்பா எனக்கு வேலை குடுத்திருக்கா” என்றார். குரலே வேறு. மறுநாள் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு ஏரிக்குக் கிளம்பினார். “தண்ணிக்குள்ள இறங்கப் போறீங்க, இஸ்திரி எதுக்கு?” என்றேன். “ஆராய்ச்சி வேலைடி இது. மில்லுன்னு நெனச்சியா?” என்கிறார். டீக்கடையில் யாரோ, “என்னண்ணே, சிப்பிக்கெல்லாம் ஓட்டுரிமை குடுக்கப் போறாங்களா?” என்று கேட்டிருக்கிறான். வீடு வந்து சேரும்வரை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நாலு வருடத்தில் அவர் சிரித்து நான் கேட்கவில்லை.

பதினோரு நாள் ஆயிற்று. ஒவ்வொரு சிப்பியையும் இரண்டு தடவை எண்ணினாராம். தாளைத் தண்ணீர் படாமல் பிளாஸ்டிக் உறையில் வைத்து, கடைசியில் வேறு தாளில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு நல்லபடியாக நகல் எடுத்தார். அதைத்தான் இத்துடன் வைத்திருக்கிறேன். மடிக்கக்கூடாது என்று சொன்னார். அதற்காகவே பெரிய உறை.

உனக்கு நன்றி சொல்ல எனக்கு வராது. சொன்னதாக வைத்துக்கொள்.

அண்ணி


ஆகஸ்ட் 19

அண்ணிக்கு,

உங்கள் இரண்டு கூண்டுகளின் முடிவும் தொட்டிகளின் முடிவும் ஒத்துப்போகின்றன. இதை நான் எதிர்பார்க்கவில்லை.

துறை ஒரு கையேடு அச்சிடுகிறது. உங்கள் சங்கம் முழுவதற்கும் சிப்பி எடுக்க அனுமதி கிடைக்கும். அனுமதிக்கு ஏரியின் மொத்தச் சிப்பி எவ்வளவு என்ற எண் வேண்டும் என்று கேட்டார்கள். என்னிடம் இருந்தது அண்ணனின் தாள்தான். ஒரு சதுர மீட்டருக்குச் சராசரியாக முப்பது. ஏரி இருநூற்றைம்பது ஏக்கர். பெருக்கினால் மூன்று கோடி. அதில் பத்தில் ஒரு பங்கை, அதாவது முப்பது லட்சத்தை, இந்தப் பருவத்தில் எடுக்கலாம் என்று எழுதியிருக்கிறேன். அதைத் தாண்டக்கூடாது. சிப்பி மெதுவாக வளரும் உயிர். எடுத்தது திரும்ப நிரம்பப் பல வருடம் ஆகும்.

தாளைப் பற்றி அண்ணனிடம் ஒன்று கேட்க வேண்டும் என்றிருந்தேன். அச்சுக்குப் போகிற அவசரத்தில் விட்டுப்போயிற்று. கையேட்டின் நன்றிப் பக்கத்தில் அவர் பெயர் இருக்கிறது. இரண்டு பிரதிகள் அனுப்புகிறேன்.

உங்கள் நாத்தனார்


பிப்ரவரி 7

டாக்டரம்மாவுக்கு,

ஆறு மாதமாக எழுத நேரமில்லை. அப்படி ஒரு வேலை. முப்பது பெண்கள் சிப்பி எடுக்கிறார்கள், கொட்டகையில் நாலு அடுப்பு, அரவை இயந்திரம் ஒன்று சங்கத்துக்கே சொந்தமாக. டை கட்டியவர் வந்து பார்த்துவிட்டுப் பேசாமல் போனார். அவருக்கு டீ கொடுத்தேன், பாவம்.

உன் அண்ணனுக்கு ஊரில் பெயரே மாறிவிட்டது. ‘கணக்கர்’. “கணக்கர் சொல்லிட்டாரு, முப்பது லட்சம், அதுக்கு மேல ஒண்ணு எடுக்க விடமாட்டாரு.” தினமும் சாயங்காலம் கரையில் நின்று ஒவ்வொரு கூடையாகக் குறித்துக்கொள்கிறார். ஒரு பெண் நாலு சிப்பியை முந்தானையில் மறைத்துக்கொண்டு போனதற்கு அவளோடு அரைமணி நேரம் வாதாடினார். கையேட்டில் அவர் பெயர் உள்ள பக்கத்தைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறோம். இதுவரை இருபத்தாறு லட்சம் ஆகியிருக்கிறது.

ஒன்று மட்டும். பெரியக்கா என்று ஒருத்தி இருக்கிறாள், எடுப்பவர்களில் மூத்தவள். “முன்னெல்லாம் ஒரு மணி நேரத்துல கூடை நிறையும், இப்ப மதியம் ஆயிடுது” என்கிறாள். எடுத்து வருவதும் சின்னச் சின்னதாக இருக்கிறது. தண்ணீரும் கொஞ்சம் பச்சையாகத் தெரிகிறது. மூன்று கோடியில் முப்பது லட்சம் போனால் இப்படி ஆகுமா? நீதான் படித்தவள், சொல்.

அண்ணி


பிப்ரவரி 15

அண்ணிக்கு,

சிப்பி எடுப்பதை உடனே நிறுத்துங்கள். காரணத்தை இன்னும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை, ஆனால் நிறுத்துங்கள். சங்கத் தலைவருக்குத் தனியாக எழுதியிருக்கிறேன்.

அண்ணனிடம் ஒன்று கேட்டுச் சொல்ல வேண்டும். சட்டத்தை எங்கே எறிந்தார்? ஏரியின் நடுவில் போனாரா? பேச்சோடு பேச்சாகக் கேளுங்கள். நான் கேட்டதாகச் சொல்ல வேண்டாம்.

ஒரு வாளித் தண்ணீரில் கையை முழங்கைவரை விட்டுப் பாருங்கள். விரல் தெரிகிறதா என்று எழுதுங்கள்.

உங்கள் நாத்தனார்


மார்ச் 2

டாக்டரம்மாவுக்கு,

விரல் தெரியவில்லை. மணிக்கட்டே தெரியவில்லை.

கேட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தார். “ஆமா, அந்தச் சட்டத்தை எங்கெங்க போட்டீங்க?” என்றேன்.

“எங்க சிப்பி இருக்கோ அங்க.”

“எறியணும்னு எழுதியிருந்துச்சே, கண்ண மூடிக்கிட்டு.”

“அது பாப்பா விளையாட்டுக்கு எழுதினது. கண்ண மூடிட்டு எறிஞ்சா அது சேத்துல போய் விழும், அங்க என்னத்த எண்ண? நான் தண்ணிக்குள்ள இறங்கி நடந்து, கால்ல சிப்பி தட்டுற இடத்துல சட்டத்த வெச்சு, பொறுப்பா எண்ணினேன்.”

“ஒண்ணுமே இல்லாத இடம் வரலியா?”

“வந்துச்சு. அதையெல்லாம் எழுத முடியுமா? சைபர்னு எழுதி அனுப்பினா, அண்ணன் கரையிலேயே உக்காந்துட்டு எழுதினான்னு நெனக்க மாட்டா?”

எனக்குக் கணக்குத் தெரியாது. ஆனாலும் சாப்பாட்டில் கைவைக்க முடியவில்லை. மறுநாள் பெரியக்காவிடம் கேட்டேன். சிப்பி கரையை ஒட்டிய மணல் சேற்றில்தான் இருக்குமாம், இடுப்பளவு, கழுத்தளவுத் தண்ணீர்வரை. அதற்கு அப்பால் கறுப்புச் சேறு, அதில் ஒன்றுகூட இருக்காதாம். “இது தெரியாதா உங்களுக்கு?” என்று என்னையே கேட்டாள். அவளை யாரும் கேட்கவில்லை, டாக்டரம்மா. நீயும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

நிறுத்தச் சொன்னேன். தலைவர் உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே சொல்கிறார்: “அந்தம்மா ஆகஸ்டுல எடுன்னு அச்சடிச்சுக் குடுத்தாங்க, பிப்ரவரில நிறுத்துன்னு கையால எழுதுறாங்க. நான் அச்சடிச்சதைத்தான் நம்புவேன்.” கூண்டுகளில் எல்லாம் மீன்குஞ்சு விட்டாயிற்று, அவற்றுக்குத் தீவனம் வேண்டாமா என்று இருபத்திரண்டு குடும்பமும் என்னைப் பார்க்கிறது. இன்னும் மூன்று லட்சம்தான் பாக்கி.

உன் அண்ணனுக்கு ஒன்றும் தெரியாது. தெரியவும் வேண்டாம். அதை மட்டும் எனக்குச் செய்.

அண்ணி


மே 19

டாக்டரம்மாவுக்கு,

போயிற்று. எல்லாம் போயிற்று.

மூன்று நாளாக மேகமூட்டம், காற்றே இல்லை. ஏரி பச்சை பெயின்ட் ஊற்றி வைத்ததைப் போல அசையாமல் கிடந்தது. பதினாறாம் தேதி விடியும்போது கூண்டுக்குப் போனேன். மழை பெய்கிற மாதிரி ஒரு சத்தம். மழை இல்லை. ஆறு கூண்டிலும் மீன்கள் வாயைத் தண்ணீருக்கு மேலே தூக்கித் திறந்து திறந்து மூடுகின்றன. ஆயிரக்கணக்கான வாய். எனக்கு அந்தச் சத்தம் இன்னும் நிற்கவில்லை.

எல்லோரும் ஓடிவந்தார்கள். காற்று கலக்கட்டும் என்று தண்ணீரைத் துடுப்பால் அடித்தார்கள், தட்டால் அடித்தார்கள், வாளியில் அள்ளி மேலிருந்து ஊற்றினார்கள். ஒரு கூண்டில் அடிக்கும்போதே அடுத்த கூண்டில் வாய்கள் நின்றுவிட்டன. எட்டு மணிக்கு வெயில் வந்தது. அதற்குள் முடிந்துவிட்டது. இருபத்திரண்டு குடும்பத்துக்கும் ஒரு மீன் மிஞ்சவில்லை.

நீச்சல் தெரியாத உன் அண்ணன் கழுத்தளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு செத்த மீனை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் படகில் வைத்தார். அள்ளிப் போடவில்லை. வைத்தார். “மூணு நாளா வெயில் இல்ல, அதான். வேற ஒண்ணுமில்ல” என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொல்லிக்கொண்டே இருந்தார்.

குழி தோண்டிப் புதைத்தோம். நாற்றம் வீட்டுக்குள் வந்துவிட்டது. தலையணையில் இருக்கிறது.

அண்ணி


மே 27

அண்ணிக்கு,

என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். ஒரு சிப்பி ஒரு நாளில் சுமார் இருபது லிட்டர் தண்ணீரை வடிகட்டுகிறது. முப்பது லட்சம் சிப்பிகள் உங்கள் ஏரியைச் சுமார் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை முழுவதுமாக வடிகட்டிக்கொண்டிருந்தன. கூண்டுகளிலிருந்து விழும் கழிவையும் மீறித் தண்ணீர் தெளிவாக இருந்ததற்கு அவைதான் காரணம். அவை போனபின் பாசி பெருகியது. வெயில் இல்லாத நாட்களில் அந்தப் பாசியே தண்ணீரில் இருந்த காற்றையெல்லாம் தீர்த்துவிட்டது.

ஏரியின் வரைபடத்தை எடுத்து, கரையை ஒட்டிய மணல் சேற்றுப் பகுதியை அளந்தேன். இருபத்தைந்து ஏக்கர். மொத்த ஏரியில் சரியாகப் பத்தில் ஒரு பங்கு. நான் எடுக்கச் சொன்ன பத்தில் ஒன்று, இருந்தது முழுவதும்.

விசாரணைக் குழு போட்டிருக்கிறார்கள். ஜூன் முதல் வாரம் ஏரிக்கு வருவார்கள். துறைத் தலைவர் நேற்று என் அறைக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டு, “களத்துல எண்ணினவரோட பிழைன்னு எழுதிடுங்க மேடம். உண்மையும் அதுதானே?” என்றார். அந்த ஆள் என் அண்ணன் என்பது அவருக்குத் தெரியாது. நான் சரி என்று சொல்லவில்லை. முடியாது என்றும் சொல்லவில்லை. இதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

அவர்கள் வரும்போது அண்ணனை வேறெங்காவது அனுப்பிவிடுங்கள்.

உங்கள் நாத்தனார்


ஜூன் 9

டாக்டரம்மாவுக்கு,

உன் கடிதம் ஆறாம் தேதி வந்தது. குழு ஐந்தாம் தேதியே வந்துவிட்டது.

மூன்று பேர். அதில் ஒரு பெண், இருபத்தெட்டு வயது இருக்கும். “கணக்கெடுத்தது யாரு?” என்றார்கள். சங்கத் தலைவர் காட்டுவதற்குள் இவரே முன்னால் போய் நின்றார். இஸ்திரி போட்ட சட்டை. “எப்படி எடுத்தீங்கன்னு காட்ட முடியுமா சார்?” என்று அந்தப் பெண் மரியாதையாகத்தான் கேட்டாள். இவர் கொட்டகைக்குப் போய்ச் சட்டத்தை எடுத்து வந்து, தண்ணீரில் இறங்கி, காலால் துழாவித் துழாவி நடந்தார். ரொம்ப தூரம் நடந்தார். எதுவும் தட்டவில்லை. திரும்பி எங்களைப் பார்த்து, “அப்ப இருந்துச்சு” என்றார்.

அந்தப் பெண் பக்கத்தில் இருந்தவரிடம் மெதுவாகச் சொன்னாள், “இருக்கிற இடத்துல மட்டும் எண்ணியிருக்காரு சார். இல்லாத இடத்தையும் எண்ணினாத்தானே கணக்கு?” மெதுவாகத்தான் சொன்னாள். தண்ணீருக்கு மேலே குரல் நன்றாகக் கேட்கும்.

மறுநாள் காலையில் ஆரம்பித்தார். உன்மேல்தான். “தப்புன்னா திருப்பி அனுப்பியிருக்க வேண்டியதுதானே? நாலாங்கிளாஸ் படிக்கும்போதே என் கையெழுத்தத் திருத்தினவ! அவளுக்கு எதுக்குடி டாக்டர் பட்டம்? அச்சடிச்சிட்டாளே! என் பேரப் போட்டு அச்சடிச்சிட்டாளே!” அவர் பெயர் உள்ள கண்ணாடியைச் சுவரிலிருந்து கழற்றிக் கீழே வைத்துவிட்டார், உடைக்கவில்லை. அதிலிருந்து காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை உன்னைத் திட்டுகிறார். திட்டிவிட்டுச் சாப்பிடுகிறார். கூண்டுகளைக் கரைக்கு இழுக்கிற வேலையில் எல்லோருக்கும் முன்னால் நிற்கிறார். சங்கத்துக்காரர்கள் ஜாடையாகப் பேசினால் சட்டையைப் பிடிக்கப் போகிறார். எனக்கு இது பரவாயில்லை என்றே தோன்றுகிறது.

நேற்று என் எதிரில் உட்கார்ந்து சொன்னார்: “பாப்பாகிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டு எழுது. என் இடத்துல அவ ஸ்டூடன்ட் ஒருத்தன் அந்தத் தாளைக் கொண்டுவந்து குடுத்திருந்தா என்ன செஞ்சிருப்பா?”

கேட்டுவிட்டேன். பதில் எழுது. அவருக்காக இல்லாவிட்டாலும் எனக்காக எழுது.

அண்ணி


ஜூன் 20

அண்ணிக்கு,

அறிக்கையைக் கொடுத்துவிட்டேன். பிழை என்னுடையது என்று எழுதினேன். களத்தில் எண்ணியவரைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. தீவனப் பிரிவிலிருந்து என்னை மாற்றி நூலகக் குழுவில் போட்டிருக்கிறார்கள். இதை ஒரு தியாகம் போல எடுத்துக்கொள்ள வேண்டாம். நடந்ததை எழுதினேன், அவ்வளவுதான்.

அண்ணனின் கேள்விக்கு வருகிறேன். ஆறு முறை எழுதிக் கிழித்தேன்.

மாணவன் என்றால் அன்றைக்கே திருப்பி அனுப்பியிருப்பேன். முப்பது வரிசையில் ஒரு சுழியம்கூட இல்லாத தாளை எந்த ஏரியும் தராது. ஆழம் என்ற கட்டத்தில் எதுவும் நாலரை அடியைத் தாண்டவில்லை. அவருக்கு நீச்சல் தெரியாது என்று எனக்குத் தெரியும். தாளைப் பார்த்த நிமிடமே அவர் எங்கே நின்று எண்ணினார் என்பதும் தெரிந்தது.

மார்ச் மாதம் அதைப் பார்த்துப் புன்னகை செய்துவிட்டு மேசை இழுப்பறையில் வைத்தேன். அதை ஒரு கணக்காகவே நான் நினைக்கவில்லை. அண்ணன் பொழுதுபோக்கிய தாள் என்று நினைத்தேன். அவரிடமிருந்து சரியான ஒன்று வரும் என்று நான் எதிர்பார்த்ததே இல்லை. ஜூலையில் எண் கேட்டார்கள். மறுபடி எண்ணினால் கையேடு ஒரு வருடம் தள்ளிப்போகும். எனக்கு நாற்பத்தொன்பது வயது. இருபத்திரண்டு வருட வேலையில் என் பெயர் சொல்ல ஒன்றும் இல்லை. இழுப்பறையைத் திறந்து அந்தத் தாளை எடுத்தேன். அப்போதும் சுழியம் இல்லாதது கண்ணில் பட்டது. கேட்டால் அண்ணனின் மனம் வருந்தும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். கேட்டால் பதில் வந்துவிடும் என்பதால்தான் கேட்கவில்லை.

எண்ணத் தெரியாதவர் எண்ணியது பிழை அல்ல. தெரிந்தவள் பெருக்கியதுதான் பிழை. இதை அவரிடம் அப்படியே படித்துக் காட்டுங்கள். என்மேல் உள்ள கோபம் அவருக்கு இருக்கட்டும். அது நியாயமானது.

உங்கள் நாத்தனார்


ஜூலை 2

டாக்டரம்மாவுக்கு,

உன் கடிதம் வந்தபோது அவர் கொட்டகையில் என் பக்கத்தில்தான் நின்றார். நான் படித்து முடிக்கும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “என்ன எழுதியிருக்கா?” என்றார்.

அவரிடமிருந்து சரியான ஒன்று வரும் என்று நீ எதிர்பார்த்ததே இல்லை என்ற வரியில்தான் என் கண் நின்றிருந்தது. அதை நான் எப்படிப் படிப்பேன்? பதினேழு வயதில் உனக்காக மில்லுக்குப் போனவரிடம் அதை எந்த வாயால் படிப்பேன்? கடிதத்தை மடித்தேன். “அண்ணன் எழுதினா அதுல தப்பே இருக்காதுன்னு நம்பினாளாம். அதனால பார்க்கக்கூட இல்லையாம்” என்றேன்.

அவர் தீவன மூட்டைமேல் உட்கார்ந்தார்.

“அவ்வளவு நம்பினாளா?”

“ஆமா.”

“பார்க்கக்கூட இல்லியா?”

“இல்லையாம்.”

“அப்ப மொத்தமும் நான்தான்” என்றார்.

அன்றைக்குச் சாயங்காலம் உன்னைத் திட்டவில்லை. மறுநாள் காலையிலும் இல்லை. தட்டை வைத்தால் அதன் முன் உட்கார்ந்திருக்கிறார், கை போவதில்லை. சட்டை மாட்டுவதும் நின்றுவிட்டது. சங்கத்துக்காரன் ஒருவன் வாசலில் நின்று வாய்க்கு வந்தபடி பேசினான். இவர் எழுந்துபோய் அவனைக் கும்பிட்டார். கோபம் ஒன்றுதான் அவரை நிமிர்த்தி வைத்திருந்தது. அதை நான் பிடுங்கிவிட்டேன். நல்லது செய்கிறேன் என்று நினைத்து, என் கையாலேயே.

நேற்று பொறுக்க முடியாமல் உன் கடிதத்தை அவர் கையிலேயே கொடுத்துவிட்டேன். “நான் சொன்னது பொய். இதுதான் அவ எழுதினது. நீங்களே படிங்க” என்றேன். ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்து முழுவதும் படித்தார். முதலிலிருந்து இன்னொரு தடவை படித்தார். முகத்தில் ஒன்றுமே மாறவில்லை.

“என்னைத் தேத்தணும்னு ரெண்டு பேரும் சேர்ந்து எழுதினீங்களா?” என்றார்.

உன் கையெழுத்தைக் காட்டினேன். தேதியைக் காட்டினேன். தபால் முத்திரையைக் காட்டினேன். அழுதேன்.

அவர் கடிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்து என் கையில் கொடுத்தார்.

“பாப்பா அப்படிப்பட்டவ இல்ல” என்றார்.

அண்ணி